கூலிக்கு மாரடிப்பவள்

(வேலப்பன்சாவடியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'ராக் இசையும் வலியும்'. தலைப்பைச் சொன்னதும் முன்வரிசையில் பெரியவங்க ரெண்டு பேர் 'நமக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்'னு சிரிச்சாங்க. சம்பந்தம் இருக்குது. முடி வளர்த்த வெள்ளைக்காரப் பையன்கள் கித்தாரை வைத்துக்கொண்டு கத்துகிற சமாச்சாரம் என்றுதான் ராக் நம்மிடம் வந்து சேர்ந்தது. அது யாருடைய சொத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தேடிக்கொண்டு போனால், கதை நம்ம சேரி வாசலில் வந்து நிற்கும்.

ராக் பற்றி எழுதுகிறவர்கள் ஓயாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இவன் வலியை உண்மையாகப் பாடுகிறானா, நடிக்கிறானா? அசலா, போலியா? இந்த 'அசல்' என்கிற சொல்லைத்தான் நான் இன்றைக்கு விசாரிக்க நினைக்கிறேன். தாசில்தார் ஆபீசில் சாதிச் சான்றிதழ் கொடுக்கிற மாதிரி, வலிக்குச் சான்றிதழ் கொடுக்கிற அதிகாரி யார்? அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தது யார்?

ராக்குக்குத் தாய் புளூஸ். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காட்டிலும் சிறைப் பண்ணைகளிலும் உழைத்த கறுப்பு மக்களின் பாட்டு அது. அடிமை முறை 1865-ல் சட்டப்படி ஒழிந்த பிறகும் ஒழியாத அடிமைத்தனத்துக்குள்ளிருந்து வந்த பாட்டு. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற கறுப்புப் பெண் மின்சாரக் கித்தாரை வைத்துக்கொண்டு தேவாலயப் பாட்டைப் பாடி ஆட்டுவித்தபோது, பின்னாளில் ராக் ராஜாக்கள் என்று பேர் வாங்கியவர்கள் சிறு பையன்கள். பிக் மாமா தார்ன்டன் என்கிற இன்னொரு கறுப்புப் பாடகி 1952-ல் 'ஹவுண்ட் டாக்' பாட்டைப் பதிவு செய்தார். 1956-ல் அதையே எல்விஸ் பிரெஸ்லி பாடினார். உலகம் பிரெஸ்லியைக் கொண்டாடியது. தனக்குக் கிடைத்தது ஐந்நூறு டாலர் காசோலை ஒன்றுதான் என்று தார்ன்டன் பிற்பாடு சொன்னார். விதைச்சது ஒருத்தி, அறுத்தது இன்னொருத்தன். இந்தக் கணக்கு நமக்குப் புரியாததா?

இன்னொரு கதை இதைவிட முக்கியம். லெட் பெல்லி என்கிற கறுப்புப் பாடகர். லூயிசியானா மாநிலத்தின் அங்கோலா சிறையில் இருந்தவர். 1933-ல் நாட்டுப்பாடல் சேகரிக்கப் போன ஜான் லோமாக்ஸ் என்ற வெள்ளைக்காரர் அவரை அங்கே சந்தித்துப் பாடல்களைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு லெட் பெல்லி விடுதலையானார். 1935-ல் திரையரங்குகளில் ஓட்டிய செய்திப்படம் ஒன்றுக்காக, விடுதலையாகி வந்த அந்த மனிதருக்கு மறுபடியும் கைதி உடையை மாட்டி நடிக்க வைத்தார்கள். அவரோ நல்ல சூட் போட்டுக்கொண்டு மேடையேற விரும்பியவர். பார்க்க வந்தவர்களுக்கு சூட் போட்ட கறுப்பர் 'அசலாக'த் தெரியவில்லை. வரிப்போட்ட கைதி உடைதான் அசல். அந்த ஆண்டே பணத்தகராறில் இருவரும் பிரிந்தார்கள்.

'இது அமெரிக்கா, 1935' என்று நினைக்காதீர்கள். சில வருசங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரிக் கலைவிழாவுக்கு நம்ம பையன்கள் நாலு பேர் பறையடிக்கப் போனார்கள். நானும் கூடப் போயிருந்தேன். எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட். விழா நடத்துகிறவர் வந்து பார்த்துவிட்டு, 'தம்பிங்களா, சட்டையைக் கழட்டிட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கங்க, அப்பதான் ஒரிஜினலா இருக்கும்' என்றார். ஒரு பையன் சொன்னான்: 'ஒரிஜினலாத்தான் சார் வந்திருக்கோம்.' சட்டையோடுதான் அடித்தார்கள். பிரமாதமாக அடித்தார்கள். மைலாப்பூர் சபாவில் பாடப் போகிற வித்வானிடம் யாராவது உடையைப் பற்றி இப்படிப் பேசுவார்களா? நம்மிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள்? நம்ம வலியை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. காதால் கேட்டால் போதவில்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். 1993 நவம்பரில் நியூயார்க்கில் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடினார். கடைசிப் பாட்டு, லெட் பெல்லி பாடிப் பதிவு செய்திருந்த ஒரு பழைய நாட்டுப்பாடல். அடுத்த ஏப்ரலில் 27 வயதில் கோபேன் இறந்துபோனார். அவருடைய வலியைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். வயிற்று நோவும் மன நோவும் தின்ற உடம்பு அது. அந்தக் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பாடுவதற்கு முன்னால் மேடையிலேயே லெட் பெல்லியின் பெயரை அவர் சொன்னார். இரவல் வாங்கினவன் இன்னாரிடம் வாங்கினேன் என்று சபையில் சொல்வது ஒரு நாணயம். அந்த நாணயம் நம்ம ஊரில் எத்தனை பேருக்கு இருந்தது என்று பிறகு வருகிறேன்.

இப்ப தமிழுக்கு வருவோம். போலிக்குத் தமிழில் என்ன சொல்கிறோம்? மனசில்லாமல் வேலை செய்கிறவனைப் பார்த்து 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்கிறோம். நாமளும் சொல்றோம், நம்ம வாத்தியார்களும் சொல்றாங்க. கொஞ்சம் நின்று யோசியுங்கள். கூலிக்கு மாரடித்தது யார்? ஆண்டை வீட்டில் சாவு விழுந்தால் நம்ம அம்மாக்களையும் ஆத்தாக்களையும் கூட்டிக்கொண்டு போய் மாரடிக்க வைத்தார்கள். அவள் வீட்டுக்குள் போக முடியாது. வாசலுக்கு வெளியே நின்று ஒப்பாரி வைக்கணும். கொடுக்கிறதை வாங்கிக்கணும். அவளை அழச்சொன்னவன் யோக்கியன், அழுதவள் போலி! ஒரு சமூகத்துப் பெண்ணின் கட்டாய உழைப்பை 'பொய்' என்பதற்கே பழமொழியாக்கி வைத்திருக்கிறது இந்த மொழி. இதுதான் ஆதிக்கச் சாதிச் சொல்லாடல் வேலை செய்கிற விதம்.

அவள் அழுத அழுகை பொய்யா? ஒப்பாரியைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும். செத்துப்போன ஆண்டையின் பெயர் முதல் அடியில் வரும். ரெண்டாம் அடியில் தன் தாய்வீடு வரும். மூன்றாவதில் சீக்கில் போன தன் பிள்ளை வந்துவிடும். கூலி கொடுத்தவன் தனக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். அவளோ தன் கணக்கை அவன் செலவிலேயே அழுது தீர்த்துக்கொள்வாள். இந்த ரெட்டைக் குரலை விளங்கிக்கொள்ள எந்த ராக் விமர்சகனிடமும் அளவுகோல் கிடையாது.

பறைக்கு வருகிறேன். வேப்பமரச் சட்டம், மாட்டுத்தோல், வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் சுண்டுக்குச்சி, வைக்கோல் தீயில் காய்ச்சி ஏற்றுகிற சுதி. எவ்வளவு நுட்பமான கருவி! அதே சமயம் அது நம்ம கழுத்தில் மாட்டிவிட்ட ஊழியம். சாவுக்கு அடிக்கணும், தண்டோரா போடணும், ஊர்த் திருவிழாவில் தூரத்தில் நின்று அடிக்கணும். மறுத்தால் அடி உதை, ஊர்விலக்கம், கூலி மறுப்பு. அதனால்தான் காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள் போன்றவர்கள் இந்த இழிதொழில் கட்டாயத்தை எதிர்த்து நின்றார்கள். 1980களிலும் 90களிலும் எத்தனையோ சேரிகளில் 'இனி அடிக்க மாட்டோம்' என்று பறையைக் கீழே வைத்தார்கள். அதே 90களில் இன்னொரு பக்கம், தலித் கலைவிழா மேடைகளில் பறையை விடுதலையின் கருவியாகக் கையில் எடுத்தார்கள். திண்டுக்கல் சக்திக் கலைக்குழுவில் பெண்களே பறையைத் தோளில் மாட்டினார்கள்.

அப்போது நமக்குள்ளேயே பெரிய சண்டை. உடைக்கணுமா, அடிக்கணுமா? ரெண்டு தரப்பும் ஒரே விசயத்தைத்தான் கேட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். அடிப்பதா வேண்டாமா என்பதை அடிக்கிறவன்தான் தீர்மானிக்கணும். மாட்டேன்னு சொல்ல முடிஞ்சவன் அடிக்கிறப்பதான் அது இசை. அந்த உரிமை இல்லாத இடத்தில் எவ்வளவு அருமையாக அடித்தாலும் அதற்குப் பெயர் ஊழியம். 'அசல்' என்பதற்கு எனக்குத் தெரிந்த இலக்கணம் இதுதான். காயத்தைக் காட்டுகிறானா என்று பார்க்காதீர்கள். மறுக்கிற உரிமை அவன் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, அந்த வலியை அனுபவிக்காதவர் பாடலாமா? மாணவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். அப்படிப்பட்ட கொடுமைகளின் கொதிப்பில் 'மனுசங்கடா' என்ற பாட்டை எழுதியவர் கவிஞர் இன்குலாப். கீழக்கரையில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கே.ஏ. குணசேகரன். இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்த நம்ம ஆள், பிறகு 'வடு' என்று தன் வரலாற்றை எழுதியவர். ரெண்டு பேருமே 2016-ல் போய்விட்டார்கள். எழுதினவர் நம்ம தெருவில் பிறக்கவில்லை. ஆனால் பாட்டு நம்ம தெருவில் நிலைத்துவிட்டது. எழுதினவர் பெயர் மறைக்கப்படவில்லை, பாடினவர் பெயரும் மறைக்கப்படவில்லை. யார் வயிற்றையும் அடித்து யாரும் பிழைக்கவில்லை. இந்த உறவு சாத்தியம் என்பதற்கு அது சாட்சி. அதோடு ஒன்று, குணசேகரன் வலியை மட்டும் நம்பி மேடையேறவில்லை. நாட்டுப்புறப் பாடல்களை ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார், ஆய்வு செய்தார், குரலைப் பழக்கினார். வலி இருந்தால் போதும், பாட்டு தானாக வரும் என்பது நம்மைக் கலைஞனாக ஒத்துக்கொள்ள மறுக்கிறவன் கட்டிவிட்ட கதை.

சென்னைக்கு வந்தால் கானா. சாவு வீட்டில் இரவு முழுக்க உட்கார்ந்து பாடுகிற மரண கானா. அதில் அழுகை உண்டு, அதே மூச்சில் கிண்டலும் உண்டு. செத்தவனையே கலாய்ப்பான். அதைக் கேட்டு விதவை சிரித்துவிடுவாள். சினிமா இந்தக் கானாவை எடுத்துக்கொண்டு குடிகாரன் பாட்டாக, ரவுடிப் பாட்டாக, இடைவேளைக்கு முன்னால் ஒரு குத்தாகப் பல வருசம் வைத்திருந்தது. மெட்டு மட்டும் போனது. மெட்டு பிறந்த தெரு போகவில்லை.

இதை மாற்றிப் போட்ட சம்பவம் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. இதோ பக்கத்தில் ஆவடி கர்லப்பாக்கத்தில் பிறந்த பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017-ல் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அன்றைக்கு மேடையேறியது. பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சிந்தனையிலிருந்து எடுத்தது. ஒரு பக்கம் பறை, சட்டி, டோலக். ஒரு பக்கம் கித்தார், டிரம்ஸ். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். எல்லாரும் கோட்டு சூட்டு. லெட் பெல்லிக்குக் கொடுக்க மறுத்த சூட்டை நம்ம பசங்க போட்டுக்கிட்டு நின்னாங்க! பாட்டு இடஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி, அம்பேத்கரைப் பற்றி. கழிவிரக்கம் தேடி வந்தவனுக்கு அங்கே தீனி கிடைக்கவில்லை. ஆண்களே ஆண்டுகொண்டிருந்த கானாவில் இசைவாணி நின்று பாடினார். 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

அந்தக் குழுவில் பாடிய அறிவு, அரக்கோணத்துப் பிள்ளை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளை வைத்து எழுதி, தீ அவர்களோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. இசை சந்தோஷ் நாராயணன். உலகம் முழுக்கக் கேட்டார்கள். அதே ஆகஸ்டில் ராக் இசையின் பெயரிலேயே நடக்கிற பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டைப்படம் போட்டது. அதில் அறிவு இல்லை. ரஞ்சித் கேட்டார், பலரும் கேட்டார்கள், அதன் பிறகு அறிவுக்கு டிஜிட்டலில் தனியாக ஒரு அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தது. அங்கேயும் அறிவு இல்லை. தன் உழைப்பைப் பற்றி அறிவு வெளிப்படையாக எழுதினார். மற்ற இருவரும் தங்கள் தரப்பு விளக்கத்தைச் சொன்னார்கள். அவர்களுக்குள் யார் எவ்வளவு செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. என் கேள்வி வேறு. பாட்டின் 'அசல்' என்று எல்லாரும் சிலாகித்தது ஒரு கூலிக்காரப் பாட்டியின் வாழ்க்கையை. அந்த வாழ்க்கையின் வாரிசு மட்டும் அட்டையிலும் மேடையிலும் விடுபட்டுப் போவதை ஒரு ஏற்பாடு சகஜமாக எடுத்துக்கொள்கிறதே, அது எப்படி? வள்ளியம்மாளின் வலி வேணும், பேரன் வேண்டாமா?

'நல்ல பாட்டைக் கேட்டு ரசிக்காமல் ஏன் கணக்குக் கேட்கிறீர்கள்' என்பார்கள். கணக்கு கேட்காத தலைமுறைகள் நமக்கு நிறைய இருந்தன. அவர்களுடைய பாட்டெல்லாம் இன்றைக்கு 'நாட்டுப்புறப் பாடல், ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆசிரியர் பெயர் தெரியாமல் போகவில்லை, தோழர்களே. யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

2025-ல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி. அந்த விருதை வைத்துக்கொண்டு ஊர் நாட்டாமையிடம் ஒன்று கேட்கணும்: உங்க வீட்டுச் சாவுக்கு அடிக்க வர முடியாதுன்னு ஒரு பையன் சொன்னால் விட்டுவிடுவீங்களா? விடுகிற நாள் வரைக்கும் பதக்கமும் ஊழியமும் ஒண்ணாத்தான் ஓடிக்கிட்டிருக்கும்.

மாணவ நண்பர்களுக்கு மூன்று வேலை சொல்கிறேன். ஒன்று, இந்தப் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ரெண்டு பக்கத்துச் சேரிகளிலும் ஒப்பாரி தெரிந்த அம்மாக்கள், கானா தெரிந்த அண்ணன்கள் இருக்கிறார்கள். கையில் இருக்கிற போனிலேயே பதிவு செய்யுங்கள். அவர்கள் சம்மதம் கேளுங்கள், பாட்டோடு அவர்கள் சொல்கிற பெயரையும் ஊரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். ரெண்டு, பாடுகிறவர்கள் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதினது யார், மெட்டு யாருடையது, வருகிற காசில் பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்று, வலியை மட்டுமே பாடணும்னு நம்ம கலைஞர்களை நாமே கட்டாயப்படுத்த வேண்டாம். நம்ம பையன் காதல் பாட்டுப் பாடட்டும், மழையைப் பாடட்டும், சும்மா வேடிக்கைக்குக் கத்தட்டும். அதையும் தலித் பாட்டு என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனிமேல் யாராவது உங்க முன்னால் 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்று சொன்னால், மாரடிக்க வைத்தவன் யார் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேளுங்கள். மற்றதைக் கேள்வி நேரத்தில் பேசுவோம்.

ஜெய்பீம்.