குலமும் குற்றமும்



சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் ஒருவன் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியன், கோவலனைக் கொல்வித்தான். பிழையுணர்ந்து உயிர் துறந்தான். இதனை மேடைகள்தோறும் போற்றுகின்றனர். அந்நூலின் உரைபெறு கட்டுரை கூறும் மற்றொரு செய்தியை எவரும் பேசுவதில்லை. வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்பதே அது. வஞ்சித்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். அரசன் பிழை நாணத்திற்குரியதாயிற்று. ஆயிரவர் சாவோ வேள்வி எனப் பெயர்பெற்றது.

இவ்வெண்ணமே பின்னாளில் சட்டமாயிற்று. ஆங்கில அரசு 1871இல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. களவறியாதவரும், பிறந்த குலத்தாலேயே கைரேகை பதிக்கவும், இரவில் காவல் நிலையத்தில் முடங்கவும் நேர்ந்தது. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் காவலர் துப்பாக்கிக்கு இரையாயினர்.

1947இல் இம்மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. ஆயின், குலப்பெயரை வசையாக வழங்கும் வழக்கைச் சட்டம் நீக்க இயலாது; அது சொல்லை ஆள்வோர் கடன். 'கள்வன்' என்று எழுதுமுன், செயல் யாது, சான்று யாது எனக் கவிஞர் வினவுதல் வேண்டும். பாண்டியன் வினவத் தவறியது அதனையே.