கடல் கடக்கும் வேளை

கூடைப்பந்தாட்டத்திலே சிறந்து விளங்கும் ஐரோப்பிய இளைஞன் ஒருவனுக்கு அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் ஆட அழைப்பு வருகின்றது. உடனே புறப்படுவதா, பொறுத்திருப்பதா? பெரும்பாலோர் வயதையே பார்க்கின்றனர். அவனுக்குக் கிடைக்கக்கூடிய ஆட்ட நிமிடங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சேர்பியாவின் டார்க்கோ மிலிசிச், 2003ஆம் ஆண்டிலே 18 வயதில், அவ்வாண்டுத் தெரிவில் இரண்டாமவராக டெற்றோயிற் அணிக்குச் சென்றார். தேர்ந்த வீரர் நிறைந்த அணி அது. மறு ஆண்டே வாகை சூடியது. மிலிசிச்சுக்கோ முதற் பருவத்தில் ஓர் ஆட்டத்திற்குச் சராசரி ஐந்து நிமிடங்கூடக் கிட்டவில்லை. கற்க வேண்டிய வயதிலே வாங்கில் அமர்ந்திருந்தார்.

சுலோவேனியாவின் லூக்கா டொன்சிச் சென்றதும் 19 வயதிலேதான். ஆயினும், 16 வயது முதலே றியல் மட்ரிட் முதலணியில் முதிர்ந்த ஆடவரோடு பொருதியவர் அவர். 2018இலே ஐரோப்பியக் கழகக் கிண்ணத்தை வென்றுவிட்டே புறப்பட்டார். மறு ஆண்டே சிறந்த புதுமுக வீரரானார்.

தெரிவானவன் உடனே செல்லவேண்டும் என்ற கட்டாயமுமில்லை. நிக்கொலா யோக்கிச் 2014இலே தெரிவாகியும், ஓராண்டு சேர்பியாவிலேயே ஆடிவிட்டு டென்வர் சென்றார்.

காத்திருப்பதிலும் இடருண்டு. லித்துவேனியாவின் ஆவிடாஸ் சபோனிஸை 1986இலே போட்லண்ட் அணி தெரிவு செய்தது. சோவியத் ஆட்சி விடவில்லை, காயங்களும் குறுக்கிட்டன. 1995இலே அவர் போய்ச் சேர்ந்தபோது வயது 30. நோவுற்ற கால்களோடு ஆடியவரின் கைத்திறனை அமெரிக்கர் வியந்தனர். அவருடைய 22 வயது ஆட்டத்தை என்.பி.ஏ. அரங்குகள் காணவேயில்லை.