கிருமி ஒன்று, ஒருவனுக்குத் தும்மல், ஒருவனுக்குச் சாவு ஏன்?

(ஒரு கிராமப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மூக்கு. சிரிக்கிறீர்கள். நன்றாய்ச் சிரியுங்கள். ஆனால் 2020, 2021ஆம் வருஷங்களில் கொரோனாவால் நம் ஊர்களில் எத்தனை வீட்டில் இழவு விழுந்தது என்பதையும் சற்று நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். 2021 மே மாதம். ஒரே வீட்டில் அண்ணன், தம்பி, எழுபது தாண்டிய தாயார். மூவருக்கும் இரண்டு நாள் முன்பின்னாகக் காய்ச்சல். கிழவிக்கு நாலு நாள் சளி. ஐந்தாம் நாள் எழுந்து அடுப்பு மூட்டினார். அண்ணனுக்கு வாசனை தெரியாமல் போயிற்று, அவ்வளவே. தம்பிக்கு 42 வயது, மூட்டை தூக்குகிறவன். பன்னிரண்டாம் நாள் மூச்சுத் திணறிச் செத்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் "அவன் தலையெழுத்து" என்றார்கள். ஜோசியர் ஒருவர் ஜாதகத்தைப் புரட்டி அஷ்டமச் சனி என்றார். செத்த பிறகு தெரிந்த அந்தச் சனி, பிழைத்திருந்த பன்னிரண்டு நாளும் அவர் கண்ணில் ஏன் படவில்லையோ!

வீடு ஒன்று, சோறு ஒன்று, கிருமி ஒன்று. பலன் மட்டும் ஏன் வேறுவேறு? இது நியாயமான கேள்வி. இதற்கு விதி என்று சொல்லுகிறவன் கேள்வியை மூடி வைக்கிறானே ஒழிய, பதில் சொல்லவில்லை. பதில் தேடியவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள்.

மூக்கின் உள்பக்கம் ஈரமான ஒரு தோல் இருக்கிறது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் ஓயாமல் அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய தூசியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கின்றன. (பீடிப்புகையும் விறகுப்புகையும் இந்த மயிர்களைக் கெடுக்கின்றன என்பதைப் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.) இதையும் தாண்டி வைரஸ் கிருமி ஒரு ஜீவ அணுவுக்குள் நுழைந்துவிட்டால், அந்த அணு சும்மா சாவதில்லை. "திருடன் வந்துவிட்டான், கதவை அடையுங்கள்" என்று பக்கத்து அணுக்களுக்கு ஒரு சரக்கின் மூலம் சேதி அனுப்பிவிடுகிறது. சேதி கிடைத்த அணுக்கள் கிருமி பெருகுவதற்கு வேண்டிய வேலைகளை நிறுத்திக்கொள்கின்றன. இந்தச் சரக்கின் பெயர் இன்டர்பெரான்.

இதை 1957இல் இலண்டனில் ஐசக்ஸ் என்ற பிரிட்டிஷ்காரரும் லிண்டன்மன் என்ற சுவிட்சர்லாந்துக்காரரும் கண்டுபிடித்தார்கள். கோழிமுட்டைக் கருவைச் சுற்றியுள்ள சவ்வில், சூடுகாட்டிக் கொன்ற இன்புளூயன்சா கிருமியைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தச் சவ்வு விட்ட திரவத்தை வேறு சவ்வுக்குக் கொடுக்க, அது உயிருள்ள கிருமியையும் எதிர்த்து நின்றது. யாகமில்லை, மந்திரமில்லை, ஒரு முட்டைதான் செலவு.

நிற்க. கிருமியும் லேசுப்பட்டதல்ல. இந்தச் சேதி போகவிடாமல் தடுக்கிற வித்தை கொரோனாவுக்கும் உண்டு, இன்புளூயன்சாவுக்கும் உண்டு. ஆகவே முதல் சில நாட்களில் மூக்கிலேயே நடக்கிற போட்டியில் யார் முந்துகிறார்கள் என்பதில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் நோயாளிகளின் மூக்கில் பஞ்சுவிட்டு எடுத்த அணுக்களைச் சோதித்தார்கள். நோய் முற்றியவர்களின் மூக்கில் கிருமி இருந்தும் இந்தக் கூக்குரல் மந்தமாகவே இருந்தது. அதே வருஷம் பெர்லினில் பார்த்ததில், குழந்தைகளின் மூக்கிலுள்ள காவல், கிருமி வருவதற்கு முன்பே பெரியவர்களைவிட விழிப்பாயிருந்தது. குழந்தைகளை அந்நோய் பெரும்பாலும் லேசாய் விட்டதற்கு இது ஒரு காரணம்.

முதல் காவல் தவறினால் கிருமி நுரையீரலுக்கு இறங்குகிறது. அங்கே காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவிலுள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கனம். மூக்கில் தூங்கிய பட்டாளம் காலங்கடந்து விழித்து, இங்கே திரண்டு வந்து கண்மண் தெரியாமல் அடிக்கிறது. காற்றுப் பைகளில் நீர் கோக்கிறது; பிராணவாயு உள்ளே போக வழியில்லை. மனிதனைக் கொல்லுவதில் கிருமிக்குப் பாதிப் பங்கென்றால், நேரந்தவறி வந்த நம் சொந்தப் பட்டாளத்துக்கும் பங்குண்டு.

இதைவிட விசித்திரம் ஒன்று. 2020இல் கொரோனாவால் உயிராபத்தான நிலைக்குப் போன 987 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில், 101 பேருடைய சரீரம் தன் இன்டர்பெரானையே பிடித்து முடக்கும் பொருளைத் தானே உண்டாக்கி வைத்திருந்தது. அவர்களில் 95 பேர் ஆண்கள். பார்வைக்குக் கட்டுமஸ்தான ஆளாயிருப்பான். உள்ளே தூதனின் வாயைக் கட்டியிருக்கும். வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்? நம் மூட்டைக்காரனுக்கும் அப்படி இருந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை. சோதித்தால் தெரிந்திருக்கக்கூடிய விஷயம் அது. ஜாதகத்தில் இருக்கக்கூடிய விஷயமல்ல.

இன்னொன்றும் அவன் விஷயத்தில் நடந்தது. காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே, டாக்டரைப் பார்க்காமல், கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்கினான். அடுத்த தெருவில் யாரோ அதில் பிழைத்தார்களாம். அதனால்தான் செத்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மருந்து பட்டாளத்தை அடக்குகிற மருந்து. 2020இல் இங்கிலாந்தில் பெரிய பரீட்சை செய்து பார்த்தார்கள். சுவாசக் கருவி வைத்த நோயாளிகளில் நூற்றுக்கு 41 பேர் செத்த இடத்தில், இம்மருந்து பெற்றவர்களில் 29 பேர்தான் செத்தார்கள். பிராணவாயு தேவைப்படாத நிலையில் கொடுத்ததற்கோ யாதொரு நன்மையும் காணோம். பட்டாளம் வெறிபிடித்த பிறகு கட்டவேண்டிய கயிற்றை, அது காவலுக்குக் கிளம்புகிறபோதே கட்டினால் என்னாகும்? மருந்து ஒன்றேயானாலும் நாள் பார்த்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது. பஞ்சாங்கத்து நாளையல்ல, நோயின் நாளை!

"ஊசி போட்டும் வந்ததே, பின் எதற்கு ஊசி?" என்று கேட்கிறவர்கள் இங்கும் இருப்பீர்கள். கையில் போடுகிற ஊசி இரத்தத்தில் நிறையக் காவலை உண்டாக்கி நுரையீரலைக் காக்கிறது. மூக்கின் மேல்தோலில் அவ்வளவு காவலை அது வைப்பதில்லை. ஆகவே சளி பிடித்தது. ஆனால் ஊசி போடாதவர்களைவிட மிகக் குறைவானவர்களே செத்தார்கள். மூக்கிலேயே காவல் வைக்கவேண்டுமென்றுதான் மூக்கில் விடுகிற சொட்டு மருந்தும் செய்தார்கள். நம் இந்தியாவிலேயே 2022இல் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். அது ஊசியைவிட எவ்வளவு மேல் என்பதைக் காலமும் கணக்கும்தான் சொல்லவேண்டும். இதே காலத்தில், 2021இல், கோயம்புத்தூர்ப் பக்கம் கொரோனா தேவி என்று சிலை வைத்துப் பூசை செய்தார்கள் என்பதையும் உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

"பனியில் போகாதே" என்று பாட்டி சொன்னாளே, அதுவும் பொய்யா என்று ஒரு தோழர் வரும்போது கேட்டார். பாட்டி சொன்னதில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. சளிக்கிருமி ஒன்று, மூக்கின் குளிர்ச்சியான 33 டிகிரியில் நன்றாய்ப் பெருகுவதும், 37 டிகிரியில் காவலணுக்கள் அதை அதிகம் எதிர்ப்பதும் 2015இல் அமெரிக்காவில் தெரிந்தது. ஆனால் அது எலியின் அணுக்களில் பார்த்தது. பாட்டிக்கு இன்னும் முழு வெற்றி கொடுத்துவிட வேண்டாம்.

மணியாகிவிட்டது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சீட்டில் எழுதித் தலைவரவர்களிடம் கொடுங்கள். எனக்குத் தெரிந்தமட்டில் பதில் சொல்லுகிறேன்.