அச்சுக்குப் புது டிசைன் எங்கே கிடைக்கும்?

(சுவாமிமலையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)

உள்கடன், வங்கிக் கடன் கணக்கெல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ துணியில் அச்சு போடும் குழுக்களின் விஷயத்துக்கு வருவோம்.

பயிற்சியில் கொடுத்த மரக்கட்டைகளைத்தான் இன்னும் வெச்சிருக்கோம். மாங்காய், யானை, கொடி. கண்காட்சியில் மூணு குழு கடை போட்டா மூணு மேஜையிலும் அதே மாங்காய். போன தடவை ஒரு அம்மா தலையணை உறையைப் புரட்டிப் பார்த்துட்டு, "வேற டிசைன் இல்லையா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. சாயத்திலும் தையலிலும் ஒரு குறையும் இல்லை.

அதனாலதான் ஓவியக் காட்சிக்கூடங்களைப் பார்த்துட்டு வரலாம்னு சொல்றோம். "படம் பார்க்கவா குழுப் பணத்துல பஸ் ஏறுறது?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஒரு ஊரைப் பற்றிச் சொல்றோம்.

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கு. 1960-களில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து வந்த பலருக்குப் படம் மட்டும் வரைஞ்சு பிழைக்க வழியில்லை. கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்தாங்க. துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலை செஞ்சு வித்தாங்க. அந்தக் காசில் நிலம் வாங்கி 1966-ல் குடியேறினாங்க. நம்ம குழு மாதிரியேதான், பேர் மட்டும் வேற! இன்னிக்கு அங்கே அவங்களோட காட்சிக்கூடங்கள் இருக்கு. 2009-ல் அருங்காட்சியகமும் திறந்தாங்க.

மெழுகுன்னதும் உங்களுக்கு நம்ம தெரு ஞாபகம் வந்திருக்கும். இங்கே ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி எடுத்துட்டு அந்த இடத்தில் உலோகம் ஊத்துறாங்க. பாத்திக்கில் மெழுகு இருக்கிற இடத்தில் சாயம் ஏறாது.

அங்கே போனா என்ன பார்க்கணும்? படத்துக்கு என்ன அர்த்தம்னு மண்டையை உடைச்சுக்க வேண்டாம். எல்லாத்தையும் பார்த்து முடிக்கவும் வேண்டாம். பிடிச்ச ஒரு படத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் நில்லுங்க. கோடு எங்கே தடிச்சிருக்கு, எந்த இடத்தைச் சும்மா விட்டிருக்காங்க, எத்தனை நிறம்னு பாருங்க. நமக்கு இதெல்லாம் காசு விஷயம். ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை. மூணு நிறம்னா மூணு கட்டைச் செலவு. ரொம்ப மெல்லிய கோடு கட்டையில் சீக்கிரம் உடையும். செதுக்கினது துணியில் இடவலம் மாறி விழும். இரண்டே நிறத்தில் ஓவியர் எப்படிச் சமாளிச்சிருக்கார்னு பார்த்தா நமக்கு ஒரு கட்டைக் காசு மிச்சம்.

அந்தப் படத்தை அப்படியே எடுத்து அச்சாக்கக் கூடாது. அது அவங்க உழைப்பு. பார்த்த முறையை மட்டும் கொண்டு வந்து நம்ம சாமான்களைப் பாருங்க: நாத்துக் கட்டு, முறம், வாழைப்பூ மடல். சிக்குக் கோலம் கட்டைக்கு ரொம்பப் பொருத்தம். ஆனா ஒரு கட்டையின் ஓரக்கோடு அடுத்த பதிப்பின் ஓரத்தோடு சேரணும். அதை முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்துடுங்க.

சென்னை வர முடியாதவங்களுக்கும் வழி இருக்கு. கொள்ளிடத்துக்கு அக்கரையில் கோடாலிகருப்பூர். தஞ்சை மராட்டிய அரண்மனைக்கு ஜரிகையோட நெய்து, மெழுகும் கட்டையும் வைத்துச் சாயமேற்றிய சேலை அந்த ஊர்ச் சேலை. அரசு போனதும் வாங்க ஆளில்லாம அதுவும் நின்னுபோச்சு. (ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் குழுக்கள் கவனிக்கணும்.) ஆனா கருப்பூர் கலம்காரி ஓவியம் இன்னும் இருக்கு, 2021-ல் புவிசார் குறியீடும் கிடைச்சது. கோயில் தொம்பை, குடைத்துணி எல்லாம் வரையும் ஓவியர்கள் நம்ம பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலேயே இருக்காங்க.

முதலில் அங்கே போவோம், பிறகு சோழமண்டலம். நடவு, அறுப்பு இல்லாத நாளாப் பார்ப்போம். ஒரு நாள் கூலி போறது சின்ன விஷயமில்லை. குழுவுக்கு ரெண்டு பேர். கோடு போடாத நோட்டும் பென்சிலும் போதும். செல்போனில் படம் எடுக்கறதுன்னா கேட்டுட்டு எடுங்க. கைக்குழந்தை இருக்கிறவங்க முன்கூட்டியே சொல்லிடுங்க. பயணச் செலவுக்குக் குழுவில் பேசி, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி, அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க.