முதல் வகுப்பில் ஒரு வாரம்

(கல்விக் கழக வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையிலே பட்டம் பெற்றோரையும் பதவி பெற்றோரையும் பற்றிப் பேசுவது வழக்கம். அவர்களைப் பாராட்ட இங்கே பலர் இருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஐந்து வயது நிறைந்த நம் பிள்ளை அரசுப் பள்ளியின் முதல் வகுப்பில் அமர்ந்தபின், திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே நடப்பது யாது என்பதே அது.

திங்களன்று தட்டிலே மணலைப் பரப்பி ட, ப, ம என்னும் எழுத்துகளை விரலால் எழுதச் செய்கிறோம். "எங்கள் காலத்தில் 'அ' என்றுதானே தொடங்கினார்கள்?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அகரத்தில் சுழியும் வளைவும் உண்டு. ஐந்து வயது விரலுக்கு அது எளிதன்று. டகரமோ இரண்டே கோடு. பகரம் மூன்று கோடு. விரல் பழகிய பின்னர் அகரம் தானே வரும்.

செவ்வாயன்று அவ்வெழுத்துகள் கூடுகின்றன. படம், மடம், பட்டம், மட்டம். மகரத்தின் தலையிலே புள்ளி வைத்தால் வாய் மூடிக்கொள்கிறது என்பதைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பர். மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்ப்பர். தனித்தனியே ஒலித்த எழுத்துகள் திடீரென்று ஒரு பொருளாக மாறும் அந்த வேளைதான் வாசிப்பின் பிறப்பு. ஆனால் திங்களன்று வராத பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு விளங்குவதில்லை. அது பிறர் முகத்தைப் பார்த்துத் தானும் வாயசைக்கும். நாற்பது குரல்களுக்கிடையே ஓசையற்ற அவ்வாயசைப்பைக் கண்டுபிடிக்க ஆசிரியர் அருகே சென்று குனிந்தாக வேண்டும்.

புதன்கிழமையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று படங்களைக் காட்டிப் பேசச் செய்கிறோம். வாழைப்பழத்தின் படத்தைக் கண்டவுடன் ஒரு பிள்ளை முந்திக்கொண்டு "வாயப்பயம்" என்கிறது. வட மாவட்டங்களில் இவ்வொலி நம் தெருவுக்கு மட்டும் உரியதன்று, ஊர்த்தெருவிலும் கேட்பதே. எனினும் ஊர்ப்பிள்ளை சொன்னால் 'திருத்திக்கொள்வான்' என்றும், நம் பிள்ளை சொன்னால் 'இவர்களுக்கு நாக்கு வராது' என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று வகுப்பு சிரித்துவிட்டால் அப்பிள்ளை வியாழன் பேசாது, வெள்ளி பேசாது, அடுத்த மாதம் அதனை 'மந்தம்' என்று எழுதிவிடுவர். எனவே முதலில் "சரி, பழம்தான், உங்கள் வீட்டில் எப்போது வாங்கினீர்கள்?" என்று கேட்டு, அதனை முழுமையாகப் பேசவிட வேண்டும். பின்னர் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தே நாக்கின் நுனியை மேலே வளைத்து ழகரத்தை ஒலிக்கச் செய்யலாம். ழகரம் நாக்கின் பயிற்சியேயன்றி எந்தச் சாதியின் சொத்தும் அன்று.

இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட தம் வரலாற்றில், கோயம்புத்தூரில் பயின்ற காலத்தைக் குறித்திருக்கிறார். தம் குலம் இன்னதென்று தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் பிற மாணவருடன் பழகாது வெளியே தனித்திருந்து, மணி அடித்த பிறகே வகுப்பினுள் நுழைவாராம். இன்று நம் பிள்ளைகள் மணிக்கு முன்னரே உள்ளே வருகின்றனர். ஆயினும் வாயைத் திறக்க அஞ்சும் பிள்ளை இன்றும் அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறது.

வியாழன் எண்களின் நாள். ஒருபுறம் தேய்த்து வெளுப்பாக்கிய பத்துப் புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போட்டால், வெள்ளை 6, கறுப்பு 4. மறுமுறை 7-உம் 3-உம். கூட்டல் என்ற சொல்லைச் சொல்லாமலே பத்தின் பகுதிகள் பிள்ளைக்குப் பழகிவிடும். இதில் நம் பிள்ளைகள் பின்தங்குவதில்லை. தாயுடன் கடைக்குச் சென்று மீதிச் சில்லறையை வாங்கி வரும் சிறுமி யாரினும் விரைவாகச் சொல்வாள்.

வெள்ளியன்று ஆய்ந்து பார்க்கிறோம். 2022-ஆம் ஆண்டு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கும் முறை வந்தது. நல்ல முறைதான், அரும்பாக அமர்ந்த பிள்ளை மொட்டாக எழுந்து செல்லுமானால். ஆண்டு முழுவதும் அதே பிள்ளைகள் அரும்பாகவே இருந்து, அவர்கள் அனைவரும் ஒரே தெருவினராகவும் இருப்பின், அங்கே கேள்வி கேட்கப்பட வேண்டும். கேட்கும் உரிமையும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கும் உரிய விகிதத்தில் இடம் உண்டு. நம் தாய்மார்கள் அங்கே கையொப்பமிட்டுத் திரும்புவதோடு நில்லாமல், முதல் வகுப்பினுள் சென்று பார்க்க வேண்டும். முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் யார்? கரும்பலகைக்கு அழைக்கப்படுபவர் யார்? துடைப்பத்தை எடுக்கச் சொல்லப்படுபவர் யார்?

இவ்வளவும் பிள்ளை பள்ளிக்கு வந்தால்தான். பசி ஒரு காலத்தில் பெருந்தடை. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்த பின் காலை வருகை எளிதாயிற்று. நம் பெண்மணி சமைத்ததை உண்ணலாகாது என்று சில ஊர்களில் பெற்றோர் தம் பிள்ளைகளைத் தடுத்த செய்தியும் அதே 2023-இல் நாளிதழ்களில் வந்தது. அடுப்பினருகே நின்ற அப்பெண்களின் பொறுமையைப் பற்றித் தனியே ஒரு நாள் பேச வேண்டும்.

எஞ்சியிருப்பவை நம் வீட்டுத் தடைகள். அத்தை வீட்டுக் காதுகுத்து, குலதெய்வக் கோயில் பொங்கல், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்மை. செங்கற்சூளைக்குக் குடும்பமாகச் செல்வோர் வறுமையால் செல்கின்றனர். அவர்களைக் குறைகூற மாட்டோம். அவர்கள் செல்லும் ஊரின் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது என்பதை எடுத்துச் சொல்லவாவது ஆள் வேண்டும். ஏனையோர் ஞாயிறு இரவே ஊர் திரும்பலாம். "ஒன்றாம் வகுப்புத்தானே, ஒரு நாள் போனால் என்ன?" என்பர். பத்தாம் வகுப்பில் விட்ட ஒரு நாளைப் புத்தகத்தைப் படித்து ஈடுசெய்யலாம்; இன்னும் வாசிக்கத் தெரியாத பிள்ளை எதைக் கொண்டு ஈடுசெய்யும்?

இளைஞர்களே! நம் கழகத்தின் இரவுப் பள்ளி பத்தாம் வகுப்பினர்க்கும் பன்னிரண்டாம் வகுப்பினர்க்கும் நடைபெறுகிறது. அதற்கு முன்னுள்ள மாலை 5 மணி முதல் 6 மணி வரையிலான நேரத்தை முதலிரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்குத் தரும்படி வேண்டுகிறோம். தனிப்பயிற்சி வேண்டாம், வீட்டுப்பாடம் வேண்டாம். அன்று பள்ளியில் என்ன செய்தாய் என்று கேளுங்கள். ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒருவர் சென்று வாருங்கள். மணல் தட்டுகளையும் புளியங்கொட்டைகளையும் வரும் திங்களன்று நாம் கொண்டு வருகிறோம். பாய் விரிக்க இருவரும், கதை படிக்க ஒருவரும் இன்றே பெயர் கொடுத்தால் நன்று. செயலாளரிடம் ஏடு இருக்கிறது.