முதலில் ஓய்வு, அப்புறம் இலட்சியம்

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



புத்தாண்டு பிறந்தால் போதும், "இந்த வருசம் உங்க இலட்சியம் என்ன?" என்று மைக்கை நீட்டுவது எங்கள் தொழில். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் நானே பலமுறை நீட்டியிருக்கிறேன். உடம்பு இளைக்கணும், கடனை அடைக்கணும், வீடு வாங்கணும், மேலே படிக்கணும் என்று ஒருவரே நான்கைந்து சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், போன வருசம் எப்படிப் போனது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. இன்று அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவோம்.

1967ஆம் ஆண்டில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஓர் அட்டவணையை வெளியிட்டார்கள். மனித வாழ்க்கையில் நேரும் 43 மாற்றங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணையை இழந்தால் 100. நெருங்கிய குடும்ப உறுப்பினர் இறந்தால் 63. வேலை போனால் 47. இதில் யாருக்கும் ஆச்சரியம் இராது. ஆனால் திருமணத்திற்கு 50 புள்ளி. வேலை போவதைவிட அதிகம்! வீடு மாறினால் 20. விடுமுறைக்குப் போனால்கூட 13. மாமியார் வீட்டுப் பிணக்குக்கு 29 தான் கொடுத்திருக்கிறார்கள். நம்மவர்கள் எழுதியிருந்தால் கொஞ்சம் கூட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நல்லதோ கெட்டதோ, மாற்றம் என்று ஒன்று வந்தால் அதற்கு ஈடுகொடுக்க உடம்பும் மனமும் உழைக்க வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. ஓராண்டில் 300ஐத் தாண்டினால் நோய்வாய்ப்படும் சாத்தியம் கூடுதல் என்றார்கள். இது ஜாதகம் அல்ல. 300 வந்தும் திடமாக இருப்பவர்கள் உண்டு. நம் களைப்புக்குக் காரணம் சோம்பல் அல்ல என்று காட்டுவதற்கு இந்த அட்டவணை உதவும். அவ்வளவுதான்.

சிரம்பான் பக்கம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். ஒரே ஆண்டில் அவருடைய அம்மா தவறிவிட்டார், 63. கணவரைப் பக்கவாதம் தாக்கியது, 44. கணவர் வேலையை விட வேண்டியதாயிற்று, 26. வருமானம் சரிந்தது, 38. மகள் கல்யாணமாகி வீட்டை விட்டுப் போனாள், 29. கூட்டினால் 200. ஜனவரியில் உறவுக்காரர்கள் வந்து, "இனிமேலாவது உன்னைக் கவனிச்சுக்கோ. காலையிலே ஒரு மணி நேரம் நட, வீட்டிலேயே பலகார வியாபாரம் ஆரம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் சொந்தப் பழக்கவழக்கங்களை மாற்றுவதற்கும் அந்த அட்டவணையில் 24 புள்ளி. வேறு தொழிலுக்கு மாறினால் 36. மருந்து என்று கொடுத்ததே பாரத்தைக் கூட்டுகிறது, பாருங்கள்.

அந்த அக்கா என்ன செய்தார்? முதலில் சொக்சோ பாரங்களை நிரப்பினார். வேலையிடத்து விபத்துக்குத்தான் சொக்சோ என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தகுதி இருந்தால், வேலைக்குச் சம்பந்தமில்லாத நோயால் உழைக்க முடியாமல் போனவருக்கும் அதில் இயலாமை ஓய்வூதியம் உண்டு. அடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரைப் பார்த்துக்கொள்ளத் தம்பியை வரச் சொன்னார். அன்று அவர் தூங்கினார், வேறொன்றும் செய்யவில்லை. ஜபீனே சொன்னெண்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2007இல் எழுதிய கட்டுரையில், களைப்பு நீங்குவதற்கு முதல் வழியாக அவர்கள் குறிப்பிட்டது வேலையின் நினைப்பிலிருந்தே விலகியிருப்பதை. கைப்பேசியில் மேலாளரின் செய்தியைப் பார்த்துக்கொண்டே சாய்ந்திருப்பது அதில் சேராது.

இரண்டு மாதம் கழித்துத்தான் ஓர் இலட்சியம். அதுவும் ஒன்றே ஒன்று: காலையில் கணவருக்கு மருந்து கொடுத்த கையோடு பத்து நிமிட நடை. 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று மேடைகளில் சொல்கிறோம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகமில்லை என்றும் கண்டார்கள்.

ஓய்வெடுத்தும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அது இந்த உரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. தயங்காமல் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

சிரம்பான் அக்காவுக்கு 66 நாள் இன்னும் ஆகவில்லை. நடுவில் கணவரை மருத்துவமனையில் வைத்திருந்த மூன்று நாள் நடக்கவில்லை. வீடு திரும்பியதும் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார். பலகார வியாபாரத்தைத் தீபாவளிக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிவிட்டார்.