மதுவும் மணப்பந்தலும்
(மதுரையில் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



மதுபானத்தின் தீமையை வள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரம் வகுத்தே கூறிவிட்டார். அதை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. குடிக்கு அடிமையானவனை மீட்கும் உபாயம் யாது என்பதே நாம் ஆலோசிக்கத்தக்க விஷயம்.

சட்டம் ஒன்றே போதும் என்பார் பலர். 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது மாகாணம் முழுமைக்கும் பரவிற்று. 1971-ல் தளர்ந்தது, பின்னர் மீண்டது, மறுபடியும் நீங்கிற்று. 2003 முதல் அரசாங்கமே டாஸ்மாக் மூலம் சில்லறைக் கடை நடத்துகின்றது. அங்ஙனமிருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களை வாரிக்கொண்டது. சட்டம் மாறி மாறி வரும். குடும்பம் அதுவரை காத்திருத்தல் இயலாது.

நகரத்துக் குடி ஒருவிதம். நாட்டுப்புறத்துக் குடி வேறுவிதம். மதுரையில் வைத்தியசாலை அருகிலுண்டு. ஆனால் அண்டை வீட்டாரை அறியாத தெருவில் ஒருவன் பல்லாண்டு மறைவாய்க் குடித்து, கல்லீரல் கெட்ட பின்னரே வெளிப்படுகின்றான். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலோ ஊரார் அனைவரும் அறிவர், வைத்தியந்தான் தூரம். பஸ் செலவு செய்து, நாட்கூலியும் இழந்து வர ஏழையால் ஆவதில்லை.

இதற்கும் வழி கண்டவர் உண்டு. மதுவினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் சென்னையில் அவர் பெயரால் சிகிச்சை நிலையம் நிறுவினார். அந்நிலையத்தார் திருவாரூர் ஜில்லா மஞ்சக்குடியிலேயே முகாம் அமைத்து, ஊராரைத் துணைக்கொண்டு சிகிச்சை செய்தனர். நோயாளி வைத்தியரைத் தேடி அலையாமல், வைத்தியர் கிராமத்தை நாடிச் சென்றனர்.

நெடுநாள் குடித்தவன் திடீரென நிறுத்தின், கைநடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகலாம். உயிருக்கும் அபாயம் நேரும். ஆதலின் அறையில் பூட்டுதல் ஆகாது. கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்குதல் மாத்திரம் போதாது. வைத்தியர் மேற்பார்வை இன்றியமையாதது.

யாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. "ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்" என்று சொல்லி, குடிக்கும் மகனுக்கு நம்மவர் வீட்டுப் பெண்ணையே தேடுகின்றோம். அப்பெண் மருந்தல்லள். பத்துப் பொருத்தம் பார்த்துவிட்டு இதனை மறைப்பது துரோகமேயாகும்.

ஆகவே மூன்று தீர்மானங்களை வேண்டுகின்றேன். கல்யாணத்திலும் துக்க வீட்டிலும் மது வழங்கலாகாது. வரன் பேசுங்கால் உண்மையை மறைக்கலாகாது. சிகிச்சைக்கு வரும் ஏழைக்குச் சங்க நிதியினின்று வழிச்செலவும் குடும்பத்துக்கு அரிசியும் அளித்தல் வேண்டும். மீண்டு வந்தவனைப் பழைய குடியனென்று இகழாது, பந்தியில் உங்கள் பக்கத்தில் அமர்த்துங்கள்.